நல்ல மெக்கானிக் நிற்க வேண்டுமா: சம்பளமா, இன்சென்டிவா, பாண்டா?

கார் டீலர்ஷிப் சர்வீஸ் சென்டர் நடத்துகிறவர்கள் எங்கே கூடினாலும் இப்போது ஒரே புலம்பல்தான்: ஆள் நிற்க மாட்டேன் என்கிறான். வட சென்னையில் மாதவரத்தில் ஆரம்பித்து ரெட்டேரி, கொளத்தூர் வழியாகப் பாடி வரை போகும் இருநூறு அடி ரோட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஷோரூமுக்கு அடுத்து ஷோரூம். ஒரு கம்பெனி சட்டையைக் கழற்றிவிட்டு இன்னொரு கம்பெனி சட்டையை மாட்டிக்கொள்ள ஒரு டெக்னீஷியனுக்கு யூ-டர்ன் அடிக்கிற நேரம் போதும். வீடு மாற வேண்டாம், பிள்ளைக்கு ஸ்கூல் மாற்ற வேண்டாம். இப்படி இருக்கும்போது அவரைப் பிடித்து வைக்க உங்களிடம் என்னென்ன வழி இருக்கிறது, எது வேலைக்கு ஆகும், எது காசைக் கரைக்கும் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். வருடக் கணக்காக வொர்க்‌ஷாப் ஃப்ளோரில் நின்றவன் என்ற முறையில் என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மாதச் சம்பளத்தை, அதுவும் பேசிக் என்கிற அடிப்படைச் சம்பளத்தை, ஆள் கேட்பதற்கு முன்னாடியே உயர்த்துவதுதான் சரி. ஆனால் எல்லாருக்கும் இல்லை, எவ்வளவு வேண்டுமானாலும் என்றும் இல்லை. எவ்வளவு என்பதில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் யாரைப் பற்றிப் பேசுகிறோம்? பதினைந்து பேர் இருக்கிற ஒரு ஃப்ளோரில் வாட்டர் வாஷ், ஹெல்பர், பத்தாயிரம் கிலோமீட்டர் சர்வீஸ் பார்க்கிற ஆள் போனால் சிரமம்தான், ஆனால் சமாளிக்கலாம். போனால் வொர்க்‌ஷாப்பே நொண்டுவது என்றால் அது இரண்டு மூன்று பேரால்தான். ஐந்திலிருந்து எட்டு வருட அனுபவம், ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் முடித்தவர், ஸ்கேனரில் வந்த எரர் கோடை (பழுதைக் குறிக்கிற எண்) அப்படியே நம்பாமல் மல்டிமீட்டரையும் கையில் எடுப்பவர். மற்றவர்கள் எல்லாம் வேலையில் மாட்டிக்கொண்டால் "அண்ணே, ஒரு நிமிஷம் வந்து பாருங்கண்ணே" என்று கூப்பிடுவது இவரைத்தான். பி.எஸ்.-6 புகைக் கட்டுப்பாடு வந்த 2020-க்கு அப்புறம் வண்டியில் சென்சாரும் ஒயரிங்கும் கூடக் கூட இவருடைய மதிப்பும் கூடிக்கொண்டே போகிறது. மொத்தக் கணக்கும் இவருக்காகத்தான்.

இவர் எங்கே போகிறார் என்பதும் ஒன்று இல்லை. சிலர் எதிர் ஷோரூமுக்கு. சிலர் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஃபேக்டரிக்கு. கம்பெனி பஸ், கேன்டீன், ஷிப்ட் முடிந்தால் முடிந்தது. சிலர் கல்ஃபுக்கு. சிலர் மணலி, எண்ணூர் பக்கம் இரவு பகலாக ஓடுகிற டிரெய்லர் லாரிகளுக்கு வேலை பார்க்கப் போய்விடுகிறார்கள், அங்கே வேலைக்கு வேலை கையில் காசு. இன்னும் சிலர் மூலக்கடையிலோ வியாசர்பாடியிலோ சொந்தமாக ஷெட் போடுகிறார்கள். ஷெட் போடப் போகிறவரை நீங்கள் எவ்வளவு கொடுத்தாலும் நிறுத்த முடியாது, நிறுத்தவும் பார்க்காதீர்கள். சிரித்த முகத்தோடு அனுப்பினால் நாளைக்கு உங்கள் பார்ட்ஸ் கவுண்டரில் வந்து ஸ்பேர் வாங்குகிற கஸ்டமர் அவர். கல்ஃபும் ஓரளவு அப்படித்தான். நம்மால் நிறுத்த முடிகிறவர் எதிர் ஷோரூமுக்கும் ஃபேக்டரிக்கும் போகிறவர் மட்டும்தான். இந்த இரண்டுக்கும் அவர் போவதற்குக் காரணம், ஒன்றாம் தேதி நிச்சயமாகக் கைக்கு வரும் தொகை.

அதனால்தான் எல்லா முதலாளிகளுக்கும் பிடித்த இன்சென்டிவ் வழியில் எனக்கு நம்பிக்கை இல்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கும்: வேலை செய்தால் காசு, செய்யாவிட்டால் இல்லை, நிரந்தரச் செலவு ஏறாது. ஆனால் ஃப்ளோரில் நடப்பதைப் பாருங்கள். ஒரு வண்டி வருகிறது. காலையில் ஸ்டார்ட் ஆனது, மதியம் ஆகவில்லை, டோ பண்ணிக்கொண்டு வந்தால் இங்கே வந்து நன்றாக ஸ்டார்ட் ஆகிறது. ஸ்கேனரில் நாலு எரர் கோட் காட்டுகிறது. அழித்தால் போகிறது, பத்து நிமிடத்தில் திரும்ப வருகிறது. நம்ம ஆள் பேட்டரியைக் கழற்றி, அதன் ட்ரேயைக் கழற்றி, ஹார்னஸ் மேல் சுற்றியிருக்கும் டேப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக்கொண்டே ஒவ்வொரு ஒயராக மீட்டர் வைத்துப் பார்க்கிறார். கடைசியில் கண்ணுக்கே தெரியாத ஒரு மூலையில் எலி கடித்து, செப்பு இழை ஒன்றோ இரண்டோ மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கிற ஒயர். வண்டி ஆடும்போது தொடுகிறது, நின்றால் விடுகிறது. மழை ஆரம்பித்தால் நம்ம ஏரியாவில் இது வாரத்துக்கு ஒன்றாவது வரும். அரை நாள் போய்விட்டது. எலி கடித்தது வாரண்டியில் வராது என்று சொன்னதும் கஸ்டமர் கத்த ஆரம்பித்திருப்பார், கஸ்டமரிடம் பேசி பில் போடுகிற அட்வைசர் அதில் ஒரு மணி நேர லேபர் போடவே தயங்குவார். அதே அரை நாளில் பக்கத்து பே-யில் (வண்டியை நிறுத்தி வேலை பார்க்கிற இடம்) இரண்டு வருட அனுபவம் உள்ள தம்பி இரண்டு மூன்று வண்டிக்கு ஆயில், ஃபில்டர் மாற்றி, கூடவே ஏ.சி. கிளீனிங் ஒன்று, கோட்டிங் ஒன்று என்று ஏற்றிவிட்டு இன்சென்டிவில் முன்னே போய்க்கொண்டிருப்பான்.

ஆக, பில் தொகையை வைத்து இன்சென்டிவ் கொடுத்தால் அதிகம் தெரிந்தவருக்குக் குறைவாக வரும். யாரைப் பிடித்து வைக்க இதை ஆரம்பித்தீர்களோ அவருக்குத்தான் முதலில் கசக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது இது அப்பட்டமாகத் தெரிந்தது. பெரம்பூர், கொளத்தூர், மணலி என்று எல்லாப் பக்கமும் தண்ணீரில் நின்ற வண்டிகள் டோ வண்டியில் வரிசை கட்டி வந்தன. சீட்டைக் கழற்றி, கார்பெட்டை உரித்து, கனெக்டர் பின்னில் பச்சை பிடித்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தவர்கள் இந்த சீனியர்கள்தான். சர்வேயர் வந்து பார்த்து, இன்சூரன்ஸ் அப்ரூவல் வந்து, பில் குளோஸ் ஆக வாரக் கணக்கு, மாதக் கணக்கு. பில் குளோஸ் ஆனால்தான் இன்சென்டிவ் என்று வைத்திருந்தால், வருடத்திலேயே அதிகம் உழைத்த மாதத்தில் கைக்கு வந்தது பூஜ்ஜியம்.

இந்த விஷயத்தில் அமெரிக்காவைக் கொஞ்சம் பார்க்கலாம். அங்கே டீலர்ஷிப் மெக்கானிக்குகளுக்குப் பரவலாக ஃப்ளாட் ரேட் முறை. ஒரு வேலைக்கு இத்தனை மணி நேரம் என்று முன்கூட்டியே குறித்திருக்கும், அந்த நேரத்துக்குத்தான் காசு, நீங்கள் எத்தனை மணி நேரம் எடுத்தாலும் சரி. டூல்ஸ் கூட மெக்கானிக்கே சொந்தக் காசில் வாங்க வேண்டும். 2025 நவம்பரில் ஃபோர்டின் தலைமை நிர்வாகி ஜிம் ஃபார்லி, வருடத்துக்கு 1,20,000 டாலர் கிடைக்கிற மெக்கானிக் வேலைகள் 5,000 ஆள் கிடைக்காமல் காலியாக இருக்கின்றன என்று சொன்னார். கேட்டால் வாயைப் பிளக்க வைக்கிற தொகைதான். ஆனால் ஃப்ளாட் ரேட்டில் இது ஒன்றாம் தேதி கைக்கு வரும் சம்பளம் இல்லை, அவ்வளவு மணி நேர வேலை வந்தால், அதை அவ்வளவு வேகத்தில் முடித்தால் கிடைக்கலாம் என்கிற தொகை. கிடைக்கலாம் என்பதை வைத்து யாரும் வீட்டு வாடகை கட்ட முடியாது, ராயபுரத்திலும் முடியாது.

இன்சென்டிவே வேண்டாம் என்று சொல்லவில்லை. சர்வீஸ் பே ஆட்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சீனியருக்கு வைத்தே ஆக வேண்டும் என்றால் பில்லை விட்டுவிட்டு, ரிப்பீட் ஜாப், அதாவது அதே பழுதோடு திரும்பி வருகிற வண்டி, எவ்வளவு குறைந்தது என்பதைப் பார்த்துக் கொடுங்கள். அதுவும் சம்பளத்துக்கு மேலே ஒரு சின்னத் தொகையாக.

அடுத்து, இரண்டு வருடம் இருந்தால் ஐம்பதாயிரம் என்கிற மாதிரி ரிடென்ஷன் போனஸ். நேர்மையான வழிதான், ஆனால் போகிற தேதியை நீங்களே குறித்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். தீபாவளி போனஸ் வாங்கின அடுத்த வாரம் எத்தனை ராஜினாமா வருகிறது என்று எந்த எச்.ஆர்.ஐ வேண்டுமானாலும் கேளுங்கள். பெரிய தொகையாக எப்போதோ ஒரு நாள் வருவது, வந்ததும் பழைய கடனுக்குப் போய்விடும். அடுத்த மாதம் மறுபடி அதே பழைய சம்பளம்தான் கையில்.

பாண்ட் விஷயத்துக்கு வருவோம், அதாவது இத்தனை வருடம் இருப்பேன், அதற்குள் போனால் காசு கட்டுவேன் என்று எழுதி வாங்குவது. எலெக்ட்ரிக் வண்டிகள் வந்த பிறகு இது அதிகமாகிவிட்டது. ஹை வோல்டேஜ் டிரெய்னிங்குக்கு அனுப்புகிறோம், ஆரஞ்சு கேபிளைத் தொடுகிற தகுதி வருகிறது, திரும்பி வந்ததும் பக்கத்து ஷோரூம் கொத்திக்கொண்டு போகிறது, அதனால் கையெழுத்து வாங்குகிறோம் என்கிறார்கள். சட்டப்படி பாண்ட் செல்லுமா என்றால், நியாயமான தொகை, நியாயமான காலம் என்றால் செல்லும். 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில் மூன்று வருடம் முடியும் முன்னால் போனால் இரண்டு லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனால் அது ஒரு வங்கி அதிகாரி விவகாரம். இருபதாயிரம் சம்பளக்காரர் மேல் கேஸ் போட்டு நீங்கள் என்ன வசூலிக்கப் போகிறீர்கள்? வக்கீல் ஃபீஸ் கூட வராது. அது தெரிந்துதான் சில இடங்களில் ஐ.டி.ஐ. ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டை வாங்கி பீரோவில் பூட்டி வைக்கிறார்கள். இது அநியாயம், இதற்கு வேறு பேர் கிடையாது. இப்படிப் பிடித்து வைத்த ஆள் உடம்பால் இருப்பார், வண்டியில் மனசு இருக்காது. பிரேக் வேலை பார்க்கிற இடத்தில் அது வேண்டாத வம்பு. டிரெய்னிங் சர்ட்டிபிகேட் வருகிற அதே மாதம் சம்பளத்தையும் ஏற்றிக் கொடுத்தால் பாண்டுக்கான தேவையே பெரும்பாலும் போய்விடும். எதிர் ஷோரூம்காரர் அவருக்கு எவ்வளவு தருவார் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதில் முக்கால்வாசியை நீங்களே கொடுத்துவிட்டால் அவர் எதற்கு இடம் மாறப் போகிறார்.

போகிறவன் போகட்டும், அப்ரென்டிஸ் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு கூட்டம் உண்டு. அம்பத்தூர் ஐ.டி.ஐ. பக்கத்திலேயே இருக்கிறது, மத்திய அரசின் அப்ரென்டிஸ் திட்டத்தில் ஸ்டைபெண்டில் 25 சதவீதம், மாதம் 1,500 ரூபாய் வரைக்கும் அரசே தருகிறது. டாடா டெக்னாலஜீஸோடு சேர்ந்து தமிழக அரசு 2,877 கோடி ரூபாயில் 71 அரசு ஐ.டி.ஐ.களை மேம்படுத்தும் வேலையை எடுத்தது, அதனால் இப்போது வருகிற பையன்களுக்கு அடிப்படை முன்னைவிட நன்றாகவே இருக்கும். எடுங்கள், கண்டிப்பாக எடுங்கள். ஆனால் சொல்லிக் கொடுப்பது யார்? எலி கடித்த ஒயரைத் தேடுவதை எந்த வகுப்பிலும் சொல்லித் தர முடியாது, அண்ணன் பக்கத்தில் டார்ச் பிடித்து நின்றால்தான் வரும். அந்த அண்ணன் போன பிறகு அப்ரென்டிஸ் எடுப்பதில் அர்த்தம் இல்லை.

காசு இல்லாத வழிகளும் உண்டு, அவற்றைச் சும்மா ஒதுக்கிவிட முடியாது. மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை நிச்சயமாக லீவு, மே மாதத்தில் தகர ஷெட்டுக்குக் கீழே ஒழுங்கான காற்று, ஸ்பானர் காணோம் என்றால் சம்பளத்தில் பிடிக்கிற பழக்கத்தை நிறுத்துவது. இந்த ஸ்பானர் பிடித்தம் சின்ன விஷயம் மாதிரி தெரியும். நானூறு ரூபாய்க்காக ஒரு நல்ல ஆள் மனசு விட்டுப்போவதை எந்த ஃப்ளோர் இன்சார்ஜும் பார்த்திருப்பார். அப்புறம் அட்வான்ஸ். ஜூன் மாதம் ஸ்கூல் ஃபீஸுக்கு முப்பதாயிரம் தேவை என்றால் நம்ம ஏரியாவில் ஆள் நேராகத் தண்டல்காரரிடம்தான் போவார், தினம் சாயங்காலம் வந்து நிற்பார் அவர். வட்டியில்லாமல் கம்பெனி கொடுத்து பத்து மாதத்தில் பிடித்துக்கொண்டால் அந்தக் குடும்பமே உங்களை மறக்காது. ஒன்று மட்டும், அட்வான்ஸ் பாக்கி இருக்கிறது என்பதைச் சொல்லிக் காட்டி ஆளைப் பிடித்து வைக்க ஆரம்பித்தால் அது பாண்டைவிட மோசம். இதெல்லாம் சம்பளத்தோடு சேர்ந்து வேலை செய்யும், சம்பளத்துக்குப் பதிலாகச் செய்யாது. ஃபேக்டரியில் ஏழாயிரம் அதிகம் என்றால் ஞாயிற்றுக்கிழமை லீவு அதற்கு ஈடு ஆகாது.

இருப்பதிலேயே மோசமான வழி எது என்றால், ராஜினாமா கடிதம் வந்த பிறகு "எவ்வளவுப்பா தர்றாங்க அங்க, நானே தர்றேன், இரு" என்பதுதான். நிறைய இடத்தில் நடப்பதும் இதுதான். அவர் ஆறு மாதம் இருப்பார், இருக்கலாம். ஆனால் சாயங்காலம் டீக்கடையில் நிற்கும்போது ஃப்ளோர் முழுக்க விஷயம் தெரிந்துவிடும்: இங்கே கேட்டால் கிடைக்காது, லெட்டர் நீட்டினால் கிடைக்கும். அடுத்த மாதம் மூன்று லெட்டர் வரும். சம்பளத்தை ரகசியமாக வைத்திருக்கிறோம் என்று நினைக்கிற மேனேஜர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும்.

சரி, சம்பள உயர்வு. இதிலும் இரண்டு விதம்: எல்லாருக்கும் பத்து சதவீதம் என்று தூவுவது, அல்லது அந்த இரண்டு மூன்று பேருக்கு மட்டும் கனமாகக் கொடுப்பது. எல்லாருக்கும் தூவினால் மொத்தச் செலவு பெரிசு, சீனியருக்குக் கிடைப்பதோ இரண்டாயிரம். இங்கேதான் நான் முதலில் சொன்ன பள்ளம் வருகிறது.

ஈ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்கான சம்பள உச்சவரம்பு 2017 ஜனவரியிலிருந்து மாதம் 21,000 ரூபாய். ஒருவர் 20,500 வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம், பேசிக் 12,000. அவருக்கு நீங்கள் இரண்டாயிரம் ஏற்றினால் 22,500 ஆகிறது, கோட்டைத் தாண்டிவிடுகிறார், ஈ.எஸ்.ஐ. போய்விடுகிறது. அதுவரை அவர் சம்பளத்திலிருந்து 0.75 சதவீதம், அதாவது 154 ரூபாய் போய்க்கொண்டிருந்தது. அதற்கு மனைவி, பிள்ளைகள், அவரை நம்பியிருக்கும் அப்பா அம்மா எல்லாருக்கும் அயனாவரம் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் வைத்தியம். அவரே காய்ச்சலில் படுத்தால் சர்டிபிகேட் காட்டி 70 சதவீதச் சம்பளம். இவ்வளவும் அந்த இரண்டாயிரத்துக்காகப் போகிறது. 1965-ம் வருடப் போனஸ் சட்டத்தை 2015-ல் திருத்தியபோது அதிலும் இதே 21,000-ஐத்தான் கோடாக வைத்தார்கள், அதனால் கோட்டைத் தாண்டியவருக்கு 8.33 சதவீத போனஸ் என்பது உரிமையாக இல்லாமல் முதலாளி மனசைப் பொறுத்ததாக ஆகிவிட்டது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்குப் போகலாம் என்றால் அதற்கு வருட வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும். ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, நல்ல வைத்தியமும் கிடைக்கும், ஆனால் அம்மாவை ஓ.பி.க்குக் கூட்டிக்கொண்டு போக அவர் ஒரு நாள் லீவு போட வேண்டும், அந்த நாளுக்குச் சம்பளத்தைப் பிடிப்பதும் நீங்கள்தான்.

அப்பாவுக்குச் சர்க்கரை, அம்மாவுக்கு முழங்கால் என்று இருக்கிற வீட்டில் இந்த உயர்வு உண்மையில் ஒரு வெட்டு. அவருக்கு அது மூன்றாவது மாதம் புரியும், நான்காவது மாதம் கடிதம் வரும். "சம்பளம் ஏற்றியும் போய்ட்டான் சார், நன்றி கெட்டவன்" என்று சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

அதனால் 21,000-க்குப் பக்கத்தில் இருப்பவருக்கு ஏற்றினால் பள்ளத்தில் விழாமல் தாண்டுகிற மாதிரி ஏற்ற வேண்டும். அதே ஆளுக்கு ஐயாயிரம் கொடுத்து 25,500 ஆக்குங்கள். நீங்கள் ஈ.எஸ்.ஐ.க்கு 3.25 சதவீதமாகக் கட்டிக்கொண்டிருந்த 667 ரூபாய் மிச்சமாகிறது, வருடத்துக்கு எட்டாயிரம். அதை அப்படியே குரூப் மெடிக்ளெய்மில் (கம்பெனி மொத்தமாக எடுக்கிற மருத்துவக் காப்பீடு) போட்டு, பாலிசியில் பெற்றோரையும் சேர்க்கச் சொல்லுங்கள். பெற்றோரைச் சேர்த்தால் பிரீமியம் கூடும்தான், மீதியைப் போடுவதும் சம்பள உயர்வின் ஒரு பகுதி என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஐயாயிரம் கொடுக்க வசதி இல்லையென்றால், கோட்டுக்குக் கீழேயே வைத்து ஞாயிற்றுக்கிழமை, அட்வான்ஸ், ஸ்பானர் இவற்றைச் சரி செய்வது அரைகுறை உயர்வைவிட மேல்.

அந்த ஐயாயிரத்தையும் எங்கே போடுகிறீர்கள் என்பது முக்கியம். அக்கவுண்ட்ஸில் இருப்பவர் வழக்கமாக ஸ்பெஷல் அலவன்ஸ், பெர்ஃபார்மன்ஸ் அலவன்ஸ் என்று ஏதாவது ஒரு பேரில் போடச் சொல்லுவார், பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) கட்டுவது மிச்சம் என்று. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் அலவன்ஸ்கள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டியது சம்பளமாகவே கணக்கில் வந்துவிடும், அதனால் அந்தப் பழைய வித்தைக்கு மரியாதை குறைந்துவிட்டது. பேசிக்கிலேயே போடுங்கள். 12,000 என்பது 17,000 ஆனால், ஐந்து வருடம் முடித்தவருக்குக் கிராஜுவிட்டி (பணிக்கொடை) 34,615 ரூபாயிலிருந்து 49,038 ஆகிறது. பி.எஃப். உச்சவரம்பான 15,000 வரை கணக்கிட்டால் அவர் கையிலிருந்து கூடுதலாக 360 போகும், நீங்களும் 360 போடுவீர்கள். கையில் கொஞ்சம் குறைகிறதே என்று முதல் மாதம் முணுமுணுப்பார், பி.எஃப். பாஸ்புக்கை மொபைலில் திறந்து காட்டுங்கள். அலவன்ஸை அடுத்த வருடம் எடுத்துவிடலாம், பேசிக்கை எடுக்க முடியாது என்பது அவருக்கும் தெரியும்.

இதற்குக் காசு எங்கிருந்து? ஒரு பே-யில் நாளைக்கு நாலு சர்வீஸ் வண்டி, வண்டிக்கு லேபர் 1,500 என்று வையுங்கள், ஆறாயிரம். சீனியர் இல்லாத ஃப்ளோரில் பழுது புரியாத வண்டி ஒன்று அரை நாளுக்குப் பதிலாக மூன்றரை நாள் பே-யை அடைத்துக்கொண்டு நின்றால் மூன்று நாள், பதினெட்டாயிரம் போச்சு. மாதத்தில் இப்படி இரண்டு வண்டி என்றால் முப்பத்தாறாயிரம், பார்ட்ஸ் லாபம் சேர்க்காமலே. கெடாத ஈ.சி.யூ.வை (வண்டியின் கம்ப்யூட்டர் பெட்டி) ஊகத்தில் ஆர்டர் பண்ணி மாற்றிப் பார்ப்பது, அது இல்லை என்று தெரிந்து கஸ்டமரிடம் திட்டு வாங்குவது எல்லாம் தனி. நான் போட்டது தோராயக் கணக்குதான், உங்கள் லேபர் ரேட்டை வைத்து, போன மூன்று மாத ஜாப் கார்டில் எந்தெந்த வண்டி எத்தனை நாள் நின்றது என்று பார்த்து நீங்களே போடுங்கள். எந்தப் பக்கம் போட்டாலும் ஐயாயிரம் அதில் கால்வாசி கூட வராது என்றுதான் நினைக்கிறேன்.

இரண்டு மூன்று பேருக்கு மட்டும் கொடுத்தால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? இருக்க மாட்டார்கள். "இன்னா சார், அவருக்கு மட்டும் எப்டி?" என்று மறுநாளே வரும். பதில் தயாராக இருந்தால் பிரச்சினை இல்லை: இந்த டிரெய்னிங் லெவல் முடித்திருக்க வேண்டும், இத்தனை மாதம் ரிப்பீட் ஜாப் இவ்வளவுக்குள் இருக்க வேண்டும், இரண்டு ஜூனியரை வேலைக்குத் தயார் செய்திருக்க வேண்டும், செய்தால் உனக்கும் இதே தொகை என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிடுங்கள். இப்படி எழுதி ஒட்டாமல் கொடுத்தால் அது செல்லப்பிள்ளை கணக்கு, வொர்க்‌ஷாப்பே இரண்டாகப் பிரியும். அதைவிட ஆபத்து, வெளியிலிருந்து வருகிற புது ஆளுக்கு ஆறு வருடம் இருப்பவரைவிட மூன்றாயிரம் அதிகம் போட்டு எடுப்பது. அவசரத்தில் எல்லாரும் செய்கிறார்கள். புது ஆளுக்கு அந்தத் தொகை நியாயம் என்றால் பழைய ஆளுக்கு அதே தேதியில் அதற்கு மேல் போட்டுவிட்டு அப்புறம் ஆஃபர் லெட்டர் அடியுங்கள்.

நல்ல மெக்கானிக்கை அட்வைசர் ஆக்குவதையும் கொஞ்சம் யோசியுங்கள். சம்பளம் ஏற அது ஒன்றுதான் வழி என்று இருப்பதால் பாதிப் பேர் பிடிக்காமலே டை கட்டிக்கொண்டு கஸ்டமர் திட்டு வாங்கப் போகிறார்கள். அட்வைசர் வாங்குகிற தொகை கையில் ஸ்பானரோடும் கிடைக்கும் என்றால் அவர் ஃப்ளோரிலேயே இருந்துவிடுவார்.

கடைசியாக, தேதி. ஈ.எஸ்.ஐ.யில் கட்டுகிற காலம் ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என்று இரண்டு. அந்தக் காலம் தொடங்கிய பிறகு சம்பளம் 21,000-ஐத் தாண்டினால் அந்த அரையாண்டு முடியும் வரை அவர் உள்ளேயே இருப்பார், ஏப்ரல்-செப்டம்பரில் கட்டியதற்குப் பலன் பெறும் காலம் அடுத்த ஜனவரியிலிருந்து ஜூன் வரை. அதனால் உயர்வை ஏப்ரல் ஒன்றாம் தேதி போடாமல் மே ஒன்றிலிருந்து போடுங்கள். ஏப்ரல் சம்பளம் பழைய தொகையிலேயே போகட்டும். செப்டம்பர் வரை முழுச் சம்பளத்துக்கும் 3.25 சதவீதம் நீங்கள் கட்ட வேண்டியிருக்கும், 25,500-க்கு 829 ரூபாய், பரவாயில்லை. அதற்குள் மெடிக்ளெய்ம் பாலிசியை எடுத்துவிடலாம். பெற்றோருக்கு ஏற்கெனவே இருக்கிற சர்க்கரை, பிரஷர் எல்லாம் முதல் நாளிலிருந்தே கவர் ஆகிற பாலிசியா என்று ஏஜென்ட்டிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள், வாயால் சொல்வதை நம்பாதீர்கள். ஏப்ரல் மாதத்திலேயே ஆளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, மே முதல் இவ்வளவு, அதில் பேசிக் இவ்வளவு, ஈ.எஸ்.ஐ. எப்போது நிற்கும், அதற்குப் பதில் என்ன என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுங்கள். எதிர் ஷோரூம்காரர் ஆள் எடுப்பதும் ஏப்ரலில்தான்.